பழைய கணினியை ஏ.ஐ. ஏஜென்ட்டிடம் ஒப்படைக்கும்போது என்ன எழுதிக் கொடுக்க வேண்டும்?

(கிருஷ்ணகிரியில் கல்லூரி மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். பர்கூர், ஓசூர், ஊத்தங்கரை என்று பல ஊர்களிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு என் அன்பு.

கமடோர் 64 என்பது 1982-இல் வந்த கணினி. அதன் மொத்த நினைவகம் 64 கேபி. அதை ஓர் ஏ.ஐ. ஏஜென்ட், அதாவது சொன்ன வேலையைத் தானே படிப்படியாகச் செய்யும் ஏ.ஐ. நிரல், இயக்குவதற்கு ஒரு டூல் (ஏஜென்ட் அழைத்துப் பயன்படுத்தும் சிறு நிரல்) எழுத உங்களில் பலரால் முடியும். அந்த டூலுக்கு விளக்கம் எழுதுவதைப் பற்றித்தான் பேச வந்தேன். ஏஜென்ட் உங்கள் நிரல் வரிகளைப் பார்த்து முடிவெடுப்பதில்லை. டூலின் பெயர், கீழே நீங்கள் எழுதிய நாலு வரி, என்னென்ன மதிப்பு கொடுக்கலாம் என்ற பட்டியல், இவ்வளவுதான் அதற்குத் தெரியும். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற ஏ.ஐ. நிறுவனம் வெளியிட்ட, ஏ.ஐ.யை டூல்களோடு இணைக்கும் எம்சிபி முறையிலும் இப்படித்தான். அந்த நாலு வரி தவறினால் டூலே தவறியதாகிவிடும்.

தட்டச்சில் தொடங்குவோம். ‘எழுத்துகளை அனுப்பும்’ என்று ஒரே வரியில் விளக்கம் எழுதிவிட்டுப் போவார்கள். உள்ளே நடப்பது வேறு. எழுத்துகளை நினைவகத்தில் 631 முதல் 640 வரையுள்ள முகவரிகளில் (எண்ணிட்ட இடங்களில்) வைத்து, எத்தனை எழுத்து என்று 198 என்ற முகவரியில் குறிக்கிறோம். அங்கே பத்து எழுத்துக்குத்தான் இடம். பதினோராவது எழுத்து, நினைவகம் எங்கே தொடங்குகிறது என்று கணினி குறித்து வைத்திருக்கும் இடத்தின் மேல் போய் விழும். பத்துப் பத்தாகப் பிரிப்பது டூலின் வேலையா, ஏஜென்ட்டின் வேலையா? 198 பூஜ்யம் ஆகும்வரை காத்திருப்பது யார்? இதை எழுதியே ஆக வேண்டும்.

அடுத்து, திரை. 1024-ஆம் முகவரியிலிருந்து வரிக்கு 40 எழுத்து, 25 வரி. இதில் ஏ என்ற ஆங்கில எழுத்தின் எண் 65 அல்ல, 1. 1984-இல் தொடங்கிய கிளாஸ் என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்த பிபிசி மைக்ரோ கணினியின் ஏழாம் திரைமுறையில் அதே எழுத்து 65. அதனால் ‘திரையைப் படிக்கும்’ என்பது போதாது. எந்தக் கணினி, எண்ணாகத் தருகிறதா, எழுத்தாக மாற்றித் தருகிறதா என்று சொல்லுங்கள். கர்சர் விஷயமும் உண்டு. அது இமைக்கும்போது அந்த இடத்தின் எண்ணில் 128 கூடும், குறையும். வெற்றிடம் ஒருமுறை 32, மறுமுறை 160. இதைச் சொல்லாவிட்டால், ஏதோ நடந்துவிட்டது என்று ஏஜென்ட் நினைத்துக்கொள்ளும்.

டிஸ்க்கிலிருந்து லோட் செய்வது மிக மெதுவானது. டிரைவில் விளக்கு எரிந்தால் மனிதர் காத்திருப்பார். ஏஜென்ட்டுக்கு அந்த விளக்கு தெரியாது. எதைப் பார்த்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம் என்பதை எழுதுங்கள்.

சும்மா பார்ப்பதால் ஒன்றும் ஆகாது என்று பலர் நம்புகிறார்கள். ஆகும். திரையில் நகரும் சிறு படங்களான ஸ்ப்ரைட்டுகள் மோதினவா என்று சொல்லும் 53278 என்ற முகவரியைப் படித்த கணமே அந்தத் தகவல் அழிந்துவிடும். அப்புறம் ஓடிக்கொண்டிருக்கும் விளையாட்டுக்கு அந்த மோதல் நடந்ததே தெரியாது. கமடோரைப் போலவே இன்றைய கணினியில் இயங்கிக் காட்டும் வைஸ் எமுலேட்டரில் இந்த விளைவு வேண்டுமா, வேண்டாமா என்று தேர்ந்தெடுக்க வழி இருக்கிறது. உங்கள் டூல் எதைத் தேர்ந்தெடுத்தது? என்னைக் கேட்டால், விளக்கத்தின் முதல் பத்தியிலேயே இது இருக்க வேண்டும்.

எழுதும் கமாண்டுகளில் இன்னும் கவனம் தேவை. 1977-இல் வந்த கமடோர் பெட் கணினியில் 59458 என்ற முகவரியில் 62 என்று எழுதினால் திரையில் எழுத்து வேகமாக வரும். பிறகு வந்த பெட் மாடல்களில் திரைக்கான மின்சுற்று மாறிவிட்டது. அதே வரி அங்கே மானிட்டரையே கெடுத்துவிடக்கூடும். கே.ஆர்.பி. அணையில் தண்ணீர் திறக்கும் முன் தென்பெண்ணைக் கரையோர மக்களுக்கு எச்சரிக்கை போகிறதே, அதுபோல எழுதும் கமாண்ட் ஒவ்வொன்றுக்கும் எந்த மாடலில் என்ன ஆகும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எமுலேட்டர் என்றால், முதலில் ஸ்னாப்ஷாட் எடு (அப்போதைய நிலையை அப்படியே சேமித்து வை) என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இந்த விளக்கத்தைத் தமிழிலும் எழுதுங்கள் என்று உரிமையோடு கேட்கிறேன். தேன்கனிக்கோட்டையில் எட்டாவது படிக்கும் பிள்ளை அதைப் படித்து, ‘அண்ணா, இங்கே ஒரு எண் தப்பு’ என்று சொல்ல முடிய வேண்டும்.

சரி, எழுதியது போதுமா என்று எப்படித் தெரியும்? ஏஜென்ட்டிடம் உங்கள் விளக்கத்தை மட்டும் கொடுங்கள். திரையின் ஓரத்தைக் கறுப்பாக்கி, ஆயிற்றா என்று சரிபார்க்கச் சொல்லுங்கள். அது ஓரத்தின் நிறத்துக்கான 53280 என்ற முகவரியில் 0 எழுதும், ஓரம் கறுப்பாகும். திரும்பப் படித்தால் 240 வரும். ஏனென்றால் அங்கே உள்ள எட்டு பிட்டுகளில் (0 அல்லது 1 என்ற இலக்கங்களில்) கீழ் நான்குதான் நிறம், மேல் நான்கும் எப்போதும் 1. இதைச் சொல்லாமல் விட்டிருந்தால், வேலை நடக்கவில்லை என்று முடிவுகட்டி ஏஜென்ட் மறுபடியும் மறுபடியும் எழுதிக்கொண்டே இருக்கலாம்.

வைஸ் இலவசமாகவே கிடைக்கிறது. லேப்டாப் கொண்டுவந்தவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள். 53280-க்கான விளக்கத்தை இப்போதே எழுதிப் பார்ப்போம்.