விளம்பரப் பக்கத்தைக் கிழிக்காதீர்கள்

வணக்கம் நேயர்களே.

தொண்ணூறுகளில் வளர்ந்தவர்கள் வீட்டில் ஒரு வீடியோ கேம் பெட்டி இருந்திருக்கும். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டிலாவது இருந்திருக்கும். மஞ்சள் கேசட்டைச் செருகி மரியோ, கான்ட்ரா என்று விளையாடியிருப்பீர்கள். அந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை, ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15 அன்று வெளியிட்ட ஃபேமிகாம் கருவியின் நகல்கள். அப்படிப் பார்த்தால் நம்மில் பலர் அந்த வரலாற்றுக்குள் தெரியாமலேயே கால் வைத்தவர்கள்தான். அந்த விளையாட்டுகள் வெளிவந்த நாட்களில் ஜப்பானில் அச்சான பத்திரிகைகளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

விளையாட்டையே எடுத்து ஆடிப் பார்த்தால் போதாதா, பத்திரிகை எதற்கு என்று கேட்கலாம். ஒரு உதாரணம் சொல்கிறேன்.

1978இல் டைட்டோ நிறுவனம் ஸ்பேஸ் இன்வேடர்ஸை வெளியிட்டது. உருவாக்கியவர் தொமோஹிரோ நிஷிகாடோ. காபிக் கடைகளில் மேசைகளே விளையாட்டுக் கருவிகளாக மாறின. கண்ணாடிக்குக் கீழே திரை, கண்ணாடிக்கு மேலே காபிக் கோப்பை. ஒரு ஆட்டத்துக்கு ஒரு 100 யென் நாணயம். இந்த விளையாட்டைப் பற்றி எங்கே படித்தாலும் ஒரு கதை தவறாமல் வரும்: நாணயமெல்லாம் இந்தக் கருவிகளுக்குள் போய்விட்டதால் நாட்டில் 100 யென்னுக்கே தட்டுப்பாடு வந்தது, அரசு அவசரமாகக் கூடுதல் நாணயம் அடித்தது என்று. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நாணயசாலைக் கணக்கு வேறு மாதிரி. 1974இல் 60 கோடிக்கு மேல் அடித்த 100 யென் நாணயம், 1978இல் 30 கோடிக்கும் குறைவு. 1979இல் கொஞ்சம் ஏறியது, அப்போதும் 1974ஐ எட்டவில்லை. நாணயம் பெட்டிக்குள்ளேயே கிடக்கவும் இல்லை. கடைக்காரர் அள்ளிக்கொண்டு போய் வங்கியில் கட்டிவிடுவார்.

அப்படியானால் அந்த ஆண்டுகளில் உண்மையில் என்னதான் நடந்தது? அதற்கு அன்றைய தாளுக்குப் போக வேண்டும். ஒசாகாவில் 1974இல் மசுமி அகாகி தொடங்கிய கேம் மெஷின் என்ற தொழில் பத்திரிகை இருக்கிறது. ரசிகர்களுக்கானது இல்லை, கருவி விற்பவர்களுக்கும் கடை நடத்துபவர்களுக்குமானது. கருவியின் விலை, நகல் அடிப்பவர்களோடு தகராறு, பள்ளிகளின் எதிர்ப்பு என்று பிழைப்பாக வைத்திருந்தவர்களின் கவலைகள் அதில் இருக்கின்றன. முப்பது ஆண்டுகள் கழித்து ஒருவர் நினைவிலிருந்து சொல்வதும், அந்த வாரமே ஒருவர் எழுதி வைத்ததும் ஒன்றாகாது. இதை இன்று இரண்டு மூன்று தடவையாவது சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்தப் பத்திரிகைகள் ஏன் அரிதாகிவிட்டன? ஜப்பானில் அப்போது தெருத்தெருவாக ஒரு வண்டி வரும். ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டே பழைய செய்தித்தாளையும் வார, மாத இதழ்களையும் வாங்கிக்கொண்டு, பதிலுக்குக் கழிப்பறைக் காகிதச் சுருள் கொடுப்பார்கள். பையன் பள்ளிக்கூடம் போன நேரத்தில் அம்மா அவனுடைய கணினி இதழ்களைக் கட்டிப் போட்டுவிட்டால் முடிந்தது கதை. எத்தனை விளையாட்டுகள் அந்த வண்டியில் ஏறிப் போயினவோ!

விளையாட்டுகள் என்றுதான் சொன்னேன், கவனித்தீர்களா? எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் வீட்டுக் கணினி வைத்திருந்தவர்களுக்கு விளையாட்டு காகிதத்திலும் வந்தது. ஐ/ஓ, ஆஸ்கி, மைகாம் பேசிக் மேகசின் போன்ற இதழ்களில் நிரலை வரிவரியாக அச்சிடுவார்கள். வாசகர் அதைப் பார்த்துத் தட்டச்சு செய்து, ஒலிநாடாவில் பதிந்து வைத்துக்கொள்வார். ஒரு எழுத்து தப்பினால் ஓடாது. என்னிடம் அப்படி ஒரு பழைய பேசிக் மேகசின் இருக்கிறது. அதில் ஒரு நிரலின் ஓரம் முழுக்கப் பென்சில் கோடுகள். தட்டி முடித்த ஒவ்வொரு வரிக்கும் ஒரு கோடு. பாதிப் பக்கத்தில் ஒரு வரிக்கு மட்டும் இரண்டு வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு எண்ணைத் திருத்தி எழுதியிருக்கிறார். அந்த விளையாட்டு கேசட்டாகவோ வட்டாகவோ எந்தக் கடையிலும் விற்கப்படவில்லை. அந்தப் பக்கம் இருக்கிற வரைதான் அதுவும் இருக்கும்.

இப்படி நிரல் எழுதி அனுப்பியவர்கள் பெரும்பாலும் பள்ளி, கல்லூரி மாணவர்கள். ககாவா மாவட்டத்தைச் சேர்ந்த கோயிச்சி நாகாமுரா பள்ளியில் படிக்கும்போதே ஐ/ஓவுக்கு நிரல்கள் அனுப்பிப் பணம் சம்பாதித்தவர். எனிக்ஸ் நிறுவனம் நடத்திய முதல் நிரல் போட்டியில் அவருக்கும் பரிசு கிடைத்தது, யூஜி ஹோரி என்பவருக்கும் கிடைத்தது. ஹோரி அப்போது பத்திரிகைகளுக்கு எழுதிக்கொண்டிருந்தவர். இந்த இருவரும் சேர்ந்து 1986 மே 27 அன்று டிராகன் குவெஸ்ட் என்ற ஃபேமிகாம் விளையாட்டைக் கொண்டுவந்தார்கள். நிரலும் எழுத்தும் தெரிந்த இருவரைச் சேர்த்து வைத்ததே பத்திரிகை உலகம்தான். அது மட்டுமா? ஹோரி அப்போது ஷோனென் ஜம்ப் என்ற படக்கதை வார இதழில் ஃபேமிகாம் பக்கத்துக்கு எழுதிவந்தார். அந்த இதழ் 40 லட்சத்துக்கு மேல் விற்றுக்கொண்டிருந்தது. விளையாட்டுக்குப் படம் வரைந்த அகிரா தொரியாமாவின் டிராகன் பால் தொடரும் அதே இதழில் ஓடிக்கொண்டிருந்தது. கேசட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, இது ஏன் இப்படி ஓடியது என்று எவ்வளவு யோசித்தாலும் பிடிபடாது.

இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் நீளும்.

தோக்குமா பதிப்பகம் 1985இல் ஃபேமிலி கம்ப்யூட்டர் மேகசின் என்ற இதழைத் தொடங்கியது. சுருக்கமாக ஃபேமிமாகா. ஃபேமிகாமுக்கென்றே வந்த முதல் இதழ் அது. விளையாட்டில் ஒளிந்திருக்கும் தந்திரங்களை, விளையாட்டுத் திரையின் படத்தோடு அச்சிடும் பக்கங்கள்தான் அதன் உயிர். எந்த இடத்தில் நின்று எந்தப் பொத்தானை அழுத்தினால் கூடுதல் உயிர் கிடைக்கும், எங்கே குதித்தால் ரகசிய வழி திறக்கும் என்கிற மாதிரி. அத்தனை தந்திரங்களுக்கு நடுவே ஒன்றை மட்டும் வேண்டுமென்றே பொய்யாக வைப்பார்கள். எது பொய் என்று வாசகர் கண்டுபிடிக்க வேண்டும். விடை பிந்தைய இதழில்.

இதில் பெரிய பெயர் வாங்கியது, ஸ்கொயர் நிறுவனம் 1986 டிசம்பரில் வெளியிட்ட ஸ்படிக டிராகன் என்ற கதை விளையாட்டைப் பற்றிய பொய். அதில் வரும் சிந்தியா என்ற பெண் பாத்திரத்தோடு கல்-தாள்-கத்தரி ஆடலாம், அவள் தோற்கத் தோற்க ஒவ்வொரு உடையாகக் கழற்றுவாள் என்று போட்டார்கள். கூடவே படமும்! படமே இருக்கும்போது பையன்கள் நம்பாமல் இருப்பார்களா? அந்த விளையாட்டை வாங்கி, பெற்றோருக்குத் தெரியாமல் முயன்று பார்த்தவர்கள் இன்று ஐம்பதைத் தாண்டியவர்கள். இன்றும் ஜப்பானில் அந்தப் பெயரைச் சொன்னால் ஒரு தலைமுறையே சிரிக்கிறது.

ஆராய்ச்சி செய்பவர் கையில் இந்த ஒரு இதழ் மட்டும் சிக்குகிறது என்று வையுங்கள். விடை வந்த இதழ் அந்தக் காகித வண்டியில் போய்விட்டது. அவர் என்ன எழுதுவார்? படத்தோடு ஆதாரம் இருக்கிறது என்று எழுதிவிடுவார். அதனால்தான் ஒற்றை இதழை நம்பவே கூடாது, வரிசையாகப் பார்க்க வேண்டும் என்கிறேன். அன்றைய தாள் வேண்டும். அதற்கு அடுத்த தாளும் வேண்டும்.

பொய் மட்டுமில்லை, பிழையும் உண்டு. காசு போட்டு ஆடும் வீடியோ கேம் கூடங்களுக்கான கேமெஸ்ட் என்ற இதழில், சேகாவின் கார் பந்தயத்தைப் பற்றிய குறிப்பில், "ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பவும்" என்று வர வேண்டிய இடத்தில் "இந்தியரை வலப்பக்கம்" என்று அச்சாகிவிட்டது. கையெழுத்துப் பிரதியில் இருந்ததை அச்சுக் கோத்தவர் தவறாகப் படித்ததால் வந்த வினை. இன்னொன்று, அட்டையில் போட்டிருக்கும் மாதத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பீப் என்ற விளையாட்டு இதழின் முதல் பிரதி 1985 ஜனவரி என்று சொல்லும். கடைக்கு வந்தது 1984 டிசம்பரில். எது முதலில் வந்தது என்று தேதி பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறவர்களுக்கு இந்த ஒரு மாதம் பெரிய விஷயம்.

அப்புறம், விளம்பரங்கள். இதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன். நம் வீடுகளில் வார இதழ்த் தொடர்கதையைக் கிழித்தெடுத்துப் பைண்டு செய்து வைப்பார்கள், நினைவிருக்கிறதா? கதை இருக்கும், முன்னும் பின்னும் இருந்த விளம்பரம் போயிருக்கும். ஜப்பானிய இதழ்களைச் சேர்த்தவர்களிலும் பலர் அப்படித்தான் செய்தார்கள், கட்டுரையை வைத்துக்கொண்டு மிச்சத்தை வீசினார்கள். ஆனால் ஹட்சன் என்ற சப்போரோ நகரத்து விளையாட்டு நிறுவனம் தொடக்கத்தில் ஒலிநாடா விளையாட்டுகளைத் தபாலில் விற்றது விளம்பரப் பக்கத்தில்தான் தெரிகிறது. விலை அங்கே இருக்கிறது. வருகிறது வருகிறது என்று அறிவித்து, வராமலே போன விளையாட்டின் ஒரே படம் அங்கேதான் இருக்கும். கூடங்களில் அதிக மதிப்பெண் எடுத்தவர்களின் பட்டியலும் அப்படித்தான். ஆடியவர் பெயரோடு கடையின் பெயரும் ஊரும் போடுவார்கள். எந்த ஊரில் எந்த ஆண்டில் எந்தக் கடை இருந்தது என்பது அதில் தெரிந்துவிடும். விளம்பரத்தைக் கிழிக்காதீர்கள். நூலகத்தாருக்கும் சொல்கிறேன், படி எடுப்பவர்களுக்கும் சொல்கிறேன்: அட்டை முதல் அட்டை வரை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு நிமிடம் என்று கை காட்டுகிறார்கள். பாதுகாப்புப் பணிகளைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டோக்கியோவில் தேசிய நாடாளுமன்ற நூலகம் சட்டப்படி ஒவ்வொரு வெளியீட்டிலும் ஒரு பிரதி பெறுகிறது. ஆனால் இரவல் கிடையாது, அங்கேயே உட்கார்ந்து படிக்க வேண்டும். அதே ஊரில் 1971இல் தொடங்கிய ஓயா சோய்ச்சி நூலகம் இதழ்களுக்கென்றே இருப்பது. 2011இல் டோக்கியோவில் விளையாட்டுப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கியது. தொடங்கியவர் ஜோசப் ரெடோன் என்ற பிரெஞ்சுக்காரர். அதே ஆண்டு கியோட்டோவில் ரிட்சுமெய்கான் பல்கலைக்கழகம் விளையாட்டு ஆய்வு மையம் ஒன்றை ஏற்படுத்தியது. நான் சொன்ன கேம் மெஷின் பத்திரிகையின் பழைய இதழ்கள் படி எடுக்கப்பட்டு, கணினியில் யாரும் இலவசமாகப் பார்க்கும்படி இருக்கின்றன. ஜப்பானிய மொழி தெரியாவிட்டாலும் படங்களைப் பாருங்கள், குறிப்பாக விளம்பரங்களை. உங்கள் பிள்ளைகள் யாராவது டோக்கியோவில் வேலை பார்த்தால், ஜிம்போச்சோ பக்கம் பழைய புத்தகக் கடைத் தெருவுக்கு ஒரு நாள் போகச் சொல்லுங்கள். எண்பதுகளின் கணினி இதழ் கிடைத்தால் நடுவில் பக்கம் குறையாததாகப் பார்த்து வாங்கட்டும்.

நேரம் முடிந்துவிட்டது. நன்றி, வணக்கம்.