ஒரு மைல் சுருங்கிப்போன கதை

வணக்கம் மக்களே. கையில் சுருளைப் பார்த்ததும் "மறுபடியும் மேப்பா?" என்று முனகுவது கேட்கிறது. ஆமாம், மறுபடியும்தான்.

இது 58 ஏ/11 என்ற எண் கொண்ட மேப். நீலகிரியின் பழைய டோப்போ ஷீட், அதாவது நிலத்தின் மேடுபள்ளங்களைக் காட்டும் வரைபடம், அணைகளுக்கு முந்தைய பதிப்பு. ஸ்கேன் ஃபைல் ரொம்ப நாளாக என்னிடம் இருக்கிறது. காகிதத்தில் விரித்துப் பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது, உங்களுக்குத் தெரியும். 380 ரூபாய் கொடுத்து, ஏ2 அளவில், நல்ல தாளில் பிரிண்ட் எடுத்தேன். வீட்டுக்கு வந்து ஸ்கேல் வைக்கிறேன்... ஒரு மைல் 2.1 சென்டிமீட்டர்!

இது ஓர் அங்குலம் ஒரு மைல் மேப். 1:63,360, அதாவது மேப்பில் ஓர் அங்குலம் தரையில் 63,360 அங்குலம். அப்படியென்றால் ஒரு மைலுக்கு 2.54 வந்தாக வேண்டும். கடைக்காரர் தாளுக்குள் அடங்கும்படி சுருக்குகிற 'ஃபிட் டு பேஜ்' போட்டுவிட்டார்! கணக்குப் போட்டால் 1:76,600 பக்கம் வருகிறது. அப்படி ஒரு மேப்பை உலகத்தில் எவரும் போட்டதில்லை. 380 ரூபாய், மக்களே.

சரி, ஆறுதல் ஒன்று உண்டு. அடியில் கருப்பு வெள்ளைக் கட்டமாக ஓர் அளவுக்கோடு இருக்கிறதே, மேப் சுருங்கினால் அதுவும் கூடவே சுருங்கும். பாதை மேல் நூலை வைத்து, அந்த நூலை இந்தக் கோட்டில் அளந்தால் தூரம் சரியாகவே வரும். 1:63,360 என்ற எண்ணை நம்பாதீர்கள், கோட்டை நம்புங்கள்.

இப்போது இங்கே பாருங்கள். எமரால்டு, அவலாஞ்சி. ஏரியே இல்லை! வெறும் ஓடைகள், இரண்டு பக்கமும், ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கிற உயரக் கோடுகள் நெருக்கமாக. குந்தா நீர்மின் திட்டத்துக்காக, ஆசிய நாடுகளுக்கு உதவும் கொழும்புத் திட்டத்தில் கனடா உதவியோடு, 1960-ஐ ஒட்டித்தான் இங்கே அணை கட்டினார்கள். நாம் போட்டோ எடுக்கிற அந்த நீலத் தண்ணீருக்கு அடியில் இந்தக் கோடுகள் எல்லாம் அப்படியே கிடக்கின்றன. இதோ, இந்தப் புள்ளிக்கோட்டுப் பாதையை இன்றைய மேப் மேல் வைத்தால், நேராகத் தண்ணீருக்குள் போய் அக்கரையில் ஏறுகிறது.

அட, முன்பே சொல்லியிருக்க வேண்டும்: இதில் உயரமெல்லாம் மீட்டரில் இல்லை, அடிக் கணக்கில்தான். தொட்டபெட்டா 2,637 மீட்டர் என்ற நினைப்பில் தேடாதீர்கள், எட்டாயிரத்துச் சொச்சம் என்று தேடுங்கள்.

நாளைக்கு அதே கடைக்குப் போகிறேன். 'ஆக்சுவல் சைஸ்' என்று ஓர் அட்டையில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். ஸ்கேலும் பையில் இருக்கிறது.