டம்ளரைக் கேலி செய்யாதீர்கள்

நடுவர் ஐயாவுக்கும், பங்குத்தந்தைக்கும், இரு அணியினருக்கும், வெயில் தாழ்ந்ததுமே வந்து முன்வரிசையைப் பிடித்த காசிமேடு, ராயபுரம் தாய்மார்களுக்கும் வணக்கம்.

நம் கோயில் பங்கில் சுற்றுச்சூழல் பழக்கம் வேரூன்ற முதலில் மாற வேண்டியது சாமியார் பேசுகிற பீடமா, சனம் சாப்பிடுகிற பந்தியா? இதுதான் தலைப்பு. நான் பந்தி அணி.

எதிரணி அண்ணன் நன்றாகவே பேசினார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் பூமியைப் பற்றி எழுதிய 'லவுதாத்தோ சி' சுற்றுமடலைக் காட்டி, "பீடத்திலிருந்து சொன்னால்தான் சனம் கேட்கும்" என்றார். சரி, அதோடு உட்கார்ந்திருக்கலாம். உட்காரப் போகிற நேரத்தில் ஒரு வார்த்தை விட்டார் பாருங்கள். "எண்ணூரில் ஆறு நிறைய எண்ணெய் ஓடியது. இவர்கள் டம்ளர் கழுவி உலகத்தைக் காப்பாற்றப் போகிறார்களாம்!" நீங்களும் கைதட்டினீர்கள்.

அண்ணே, அந்த டம்ளருக்கு ஒரு கதை இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு எண்ணூருக்கு வருகிறேன்.

நம் திருவிழா விருந்து. பிரியாணி வாசனை தெருமுனை வரைக்கும் போகிறது. தொண்டர் தம்பி ஒருவன் பேப்பர் கப் அடுக்கோடு பந்தியில் வரிசையாக வைத்துக்கொண்டே வருகிறான். நடுவில் வலை பின்னுகிற ஆயா ஒருவர். தம்பி கப்பை வைத்தான். ஆயா எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். மறுபடி வைத்தான். மறுபடி கொடுத்தார்.

"ஆயா, தண்ணி வேணாமா?"

"தண்ணி வேணும் கண்ணு. கப்பு வேணாம்."

"கப்பு இல்லாம தண்ணிய எதுல ஊத்துறது?"

ஆயா பையைத் திறந்தார். மேலே ஜெபமாலை. அதற்குக் கீழே வெற்றிலைப் பொட்டலம். அதற்கும் கீழே துணியில் சுற்றி, பேரன் காது குத்துக்கு வந்த பெயர் வெட்டின எவர்சில்வர் டம்ளர்! "இதுல ஊத்து" என்று நீட்டினார்.

பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லையாம், இன்னொரு தரம் சொல்கிறேன். வைத்தான், கொடுத்தார். வைத்தான், கொடுத்தார். மேலே ஜெபமாலை, நடுவில் வெற்றிலை, அடியில் டம்ளர்!

தம்பியும் விடவில்லை. "இது பேப்பர்தான் ஆயா, பிளாஸ்டிக் இல்ல" என்றான். ஆயா அந்தக் கப்பை வாங்கி மெதுவாகக் கிழித்தார். பேப்பர் கிழிந்தது. உள்ளே ஒட்டியிருந்த மெல்லிய சவ்வு மட்டும் கிழியாமல் நூலாக இழுபட்டது. அதைத் தம்பியின் கண்ணுக்கு நேரே பிடித்தார். "இது இன்னா, பேப்பரா? மீனோட சேர்ந்து எம்புள்ள வலையில இதுதான் வருது."

தம்பி பேசவில்லை. பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களும் பேசவில்லை. அடுத்த திருவிழாவில் அந்த வரிசையில் பாதிப் பேர் மடியில் டம்ளர். பீடம் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை!

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு அரசு தடை செய்த பொருட்களில் இந்தச் சவ்வு பூசிய கப்பும் உண்டு. பந்தியில் விரிக்கிற பிளாஸ்டிக் தாளும், கொடியேற்றத்துக்குத் தெரு முழுக்கக் கட்டுகிற பிளாஸ்டிக் கொடியும் உண்டு. சட்டம் சொல்லியும் கேட்காத பந்தி, ஒரு ஆயா சொல்லிக் கேட்டது.

இப்போது எண்ணூருக்கு வருகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து முகத்துவாரத்துக்கு வந்தது. படகும் வலையும் கறுத்துப் போயின. அப்போது நம் மீனவர்கள் பக்கெட்டும் மக்குமாக இறங்கி அந்த எண்ணெயை அள்ளினார்கள். "பக்கெட்டை வைத்து ஆற்றைக் காப்பாற்றப் போகிறாயா" என்று அவர்கள் முகத்துக்கு நேரே கேட்பீர்களா அண்ணே? கொட்டியவர்களைக் கேள்வி கேட்க வேண்டும். கட்டாயம் கேட்க வேண்டும். நம் பந்திக் குப்பையை லாரி லாரியாகக் கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்கு அனுப்பிவிட்டு எந்த வாயால் கேட்பது?

பீடம், பீடம் என்கிறீர்கள். ஆண்டவர் ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் பகிர்ந்து ஐயாயிரம் பேருக்குப் பந்தி போட்டார். எல்லாரும் சாப்பிட்டதும் என்ன சொன்னார்? ஒன்றும் வீணாகாமல் மிச்சத்தைச் சேர்த்து எடுங்கள் என்றார். பன்னிரண்டு கூடை நிறைந்தது. அதை அவர் ஆலயத்தில் ஏறி நின்று சொல்லவில்லை. புல்தரையில், பந்தி முடிந்த கையோடு சொன்னார்.

அந்தக் குப்பைமேடு தீப்பிடித்துப் புகையும்போது அந்தப் பக்கத்துப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? கண் சிவந்து, இருமிக்கொண்டே மறைக்கல்விக்கு வந்து உட்காரும். மாதாவுக்குத் தேர் இழுத்த சந்தோஷத்தில் நாம் போட்டுவிட்டுப் போன கப்பை அந்தக் குழந்தை மூச்சாக இழுக்கிறது. அதுவும் நம் பிள்ளைதானே? ராயபுரத்தில் நம் ராயப்பர் கோயிலை 1829இல் எழுப்பியவர்கள் கடலை நம்பிப் பிழைத்த சனம். அவர்கள் வழியில் வந்த ஆயா, இந்த வயதிலும் வலைக்கண்ணில் சிக்கிய கவரைக் குனிந்து குனிந்து பிய்த்துக்கொண்டிருக்கிறார். எனக்குத் தாங்கவில்லை.

தாய்மார்களே, உங்கள் பரணிலும் பெயர் வெட்டின டம்ளர் இருக்கும். வருகிற திருவிழாவுக்கு அதை எடுத்து வாருங்கள். கழுவுகிற இடத்தில் நான் நிற்கிறேன். எதிரணி அண்ணே, நீங்களும் வந்து பக்கத்தில் நில்லுங்கள்.

நடுவர் ஐயா, தீர்ப்பைப் பந்திக்குக் கொடுங்கள். நன்றி, வணக்கம்.