நூறு புள்ளிகள்

வணக்கம் நேயர்களே.

"முழுசா எடுத்துப்போட்டா பிறகு பயமில்லைத்தானே, அக்கா?"

வெள்ளவத்தையில் எங்கள் மாடியில் இருக்கும் தங்கச்சி ஒருத்தி, மார்புப் புற்றுநோய் என்று சொன்ன பயொப்சி (திசுப் பரிசோதனை) ரிப்போட்டோடு வந்து கேட்டாள், மார்பை முழுதாக எடுப்பதைப் பற்றி. பதினொரு வருடத்துக்கு முன் மகரகம புற்றுநோய் வைத்தியசாலை வாங்கில் இருந்தபோது எனக்கும் இதே நினைப்புத்தான்.

பயம் அப்படிப் போகாது. மார்பை முழுவதும் எடுத்தாலும் நெஞ்சுச் சுவரிலோ எலும்பிலோ ஈரலிலோ நோய் திரும்பலாம். ஆரம்ப நிலையில், கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்ச் சிகிச்சை பெறுகிறவர்களும் முழுமார்பை எடுத்தவர்கள் அளவுக்கே உயிர் வாழ்கிறார்கள். 20 வருடம் பெண்களைத் தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வு இதை 2002இல் சொல்லியது. ஆனால் அதே ஆய்வில், கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர் பெறாதவர்களில் 100க்கு 39 பேருக்கு அதே மார்பில் நோய் திரும்பியது. கதிர் பெற்றவர்களில் 14 பேருக்குத்தான். கதிரை இடையில் விட்டுவிடாதீர்கள், தயவுசெய்து.

அடுத்து அவள் குழம்பியது மருந்தில். "திரும்பி வாறதைப் பாதியாக்குமாம்." மகனின் சதுரக் கொப்பியில் ஒரு பக்கம் கிழித்து 100 புள்ளி வைத்தேன். மருந்தில்லாமல் நோய் திரும்பும் 20 பேரை வட்டமிட்டு, மருந்தால் தப்பும் 10 பேரை வெட்டினேன். அடுத்த பக்கத்தில் 4ஐ வட்டமிட்டு, 2ஐ வெட்டினேன். "இரண்டும் பாதிதானே?" என்றாள். ஓம், பாதிதான். ஆனால் முதல் பக்கத்தில் பத்துப் பேர் தப்புகிறார்கள், மற்றதில் இரண்டு பேர். பக்கவிளைவு இரண்டு பக்கத்திலும் ஒன்றே.

உங்கள் பக்கம் எது என்பதைக் கட்டியின் அளவு, கமக்கட்டு நெறிகளுக்குப் பரவியதா, ஹோர்மோன் ஏற்பி (ஹோர்மோனைப் பிடித்துக் கட்டியை வளரவிடும் புரதம்) உண்டா, ஹெர்-2 (கட்டியை வேகமாக வளரவைக்கும் இன்னொரு புரதம்) கூடுதலா என்பவை சொல்லும். ஹோர்மோன் ஏற்பி உள்ள வகை பத்துப் பதினைந்து வருடம் கழித்தும் தலைகாட்டலாம். அந்த ஹோர்மோன் வேலையைத் தடுக்கும் தமொக்சிபென் குளிசையை ஐந்து வருடமும் சில வேளை பத்து வருடமும் எழுதுவது அதனால்தான். உடம்பு கொதிக்கும், மாதவிடாய் குழம்பும். அரிதாக நாளத்தில் இரத்த உறைவோ கருப்பைப் புற்றுநோயோ வரலாம். மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் பட்டால் அன்றே சொல்லுங்கள். எனக்கு இரண்டாம் வருடம் குளிசையை நிறுத்திவிடத் தோன்றியது. நிறுத்தவில்லை, கிளினிக்கில் சொன்னேன், அதற்கும் வழி காட்டினார்கள்.

தங்கச்சி அந்தக் கொப்பித் தாளை மடித்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனாள். "மருந்து எடுத்தால் 100இல் எத்தனை பேர், எடுக்காவிட்டால் எத்தனை பேர்?" என்று கேட்டிருக்கிறாள். வைத்தியர் அவளுடைய பேனையை வாங்கி, அவளுக்குரிய வட்டங்களைப் போட்டுக் கொடுத்தாராம்.

கட்டியை மட்டும் எடுத்தாயிற்று. தைப்பொங்கல் கழியக் கதிர்ச் சிகிச்சை தொடங்குகிறது. மகரகமவுக்கு நானும் கூடப் போகிறேன்.