பாலையா கேட்டுக்கொண்டிருந்தார்

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் வீட்டுக்கு டிவி வருவதற்கு முன்னால் சினிமா வானொலி வழியாகத்தான் வந்தது. ஒரு படத்தின் வசனத்தையும் பாட்டையும் காதால் கேட்க மட்டும் ஒலிபரப்புவதற்கு ஒலிச்சித்திரம் என்று பெயர். அது போடுகிற நாளில் சாப்பாட்டுக் கடையைச் சீக்கிரமே முடித்துவிடுவார்கள். 'காதலிக்க நேரமில்லை' படத்தில் நாகேஷ், டி. எஸ். பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியை நான் முதலில் காதால்தான் கேட்டேன். நாகேஷின் குரல் ஏறி இறங்கிக்கொண்டே போகும். நடுநடுவே யாரோ மூச்சை இழுப்பதுபோல, முனகுவதுபோல ஒரு சத்தம். அவ்வளவுதான். பல வருஷம் கழித்துத் தியேட்டரில் பார்த்தபோதுதான் அந்தச் சத்தத்துக்குச் சொந்தமான முகம் தெரிந்தது. கதை சொல்வது நாகேஷ்தான். ஆனால் தியேட்டரே அதிர்ந்து சிரித்தது, கேட்டுக்கொண்டிருந்த பாலையாவைப் பார்த்து.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கேள்வி. குணச்சித்திர நடிகரின் வரலாற்றை எங்கே போய்த் தேடுவது?

கதாநாயகனுக்குச் சுவரொட்டி இருக்கிறது, பாட்டு இருக்கிறது, மன்றம் இருக்கிறது. பாலையா போன்றவருக்கு என்ன இருக்கிறது? நான் முதலில் தேடிப்போனது, படத்துக்குப் படம் அச்சிட்டு விற்ற பாட்டுப் புத்தகங்களை. என் அத்தையின் தகரப் பெட்டியில் ஒரு கட்டு இருந்தது. தொட்டால் ஓரம் உதிர்கிற மலிவுத் தாள். முதலில் நடிகர் பட்டியல், அப்புறம் கதைச் சுருக்கம். கதை சூடு பிடிக்கும் இடத்தில் 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று நிறுத்திவிடுவார்கள். பிறகு கடைசிப் பக்கம் வரை பாட்டுகள். யார் எந்தப் பாட்டைப் பாடினார் என்று சுத்தமாகப் போட்டிருக்கும். பாடாத நடிகரின் பெயரோ முதல் பக்கத்தில் ஒரே ஒரு தடவை வரும். அந்தத் தாள் கிழிந்துபோயிருந்தால் ஆளே இல்லை. பாலையா, பாலய்யா என்று இரண்டு விதமாகவும் எழுதுவார்கள், இரண்டையும் பார்க்க வேண்டும். கணக்கு அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. படம் முழுக்க வில்லத்தனம் செய்து கதையைத் தூக்கி நிறுத்தியவருக்கு ஒரு வரி, இரண்டு பாட்டுப் பாடியவருக்கு இரண்டு பக்கம்.

இந்த இடத்தில் ஃபிலிம் நியூஸ் ஆனந்தனை நினைக்காமல் இருக்க முடியாது. 1958இல் 'நாடோடி மன்னன்' படத்துக்கு மக்கள் தொடர்பு வேலை பார்த்தவர். தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. என்று அவரைச் சொல்வார்கள். அடிப்படையில் புகைப்படக்காரர். 1931இல் வந்த 'காளிதாஸ்' தொடங்கி, வெளிவந்த படங்களின் பெயர், நடித்தவர்கள், எடுத்தவர்கள் என்று தனி ஒருவராகச் சேர்த்துக்கொண்டே போனார். யாரும் அவரிடம் கேட்கவில்லை, சம்பளமும் கிடையாது. அந்தச் சேகரிப்பைப் பிற்பாடு தமிழக அரசு வாங்கிக்கொண்டது. 2016இல் அவர் மறைந்தார். ஒரு துணை நடிகரின் பெயரைக்கூட விடாமல் எழுதிவைக்கும் பொறுமை இருக்கிறதே, அதற்கு நான் கைகூப்புகிறேன். பாலையாவின் படங்களை வருஷ வரிசையில் இன்று நாம் அடுக்க முடிகிறது என்றால், அது இப்படிப்பட்டவர்கள் போட்ட உழைப்பு.

சரி, அந்த வரிசையைப் பார்ப்போம். 1936இல் 'சதி லீலாவதி'. எஸ். எஸ். வாசன் கதை, எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கம். எம்.ஜி.ஆர்., பாலையா இருவரும் இந்த ஒரே படத்தில் திரைக்கு வந்தார்கள். என். எஸ். கிருஷ்ணனும் இதில் நடித்தார். எம்.ஜி.ஆருக்கு அதில் சின்ன வேஷம். நாயகன் எம். கே. ராதாவைக் கெடுக்கும் வில்லன் பாலையா. அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயதுகூட நிறையவில்லை. அடுத்த வருஷம் எம். கே. தியாகராஜ பாகவதர் நடித்த 'அம்பிகாபதி'யிலும் வில்லன்தான். பத்து வருஷத்துக்கு மேல் அந்த வில்லன் முத்திரை அவரை விடவில்லை. 1949இல் அண்ணாவின் 'வேலைக்காரி' வந்தது. பழிவாங்கத் துடிக்கும் கே. ஆர். ராமசாமியிடம், கத்தியை விட்டுப் புத்தியைத் தீட்டச் சொல்லும் நண்பன் மணியாக வந்தார். வில்லனாகப் பார்த்துப் பழகிய முகம் நியாயம் பேசியது, ஜனங்களும் ஏற்றுக்கொண்டார்கள். 'தூக்குத் தூக்கி'யில் சேட்டு, 'பாகப் பிரிவினை'யில் கூட்டுக் குடும்பத்து அண்ணன் என்று ஒன்றோடொன்று ஒட்டாத வேஷங்கள்.

ஐம்பது வயதை நெருங்கும்போதுதான் இன்று எல்லோரும் கொண்டாடும் பாலையா வருகிறார். 1964இல் 'காதலிக்க நேரமில்லை', 1965இல் 'திருவிளையாடல்', 1968இல் 'தில்லானா மோகனாம்பாள்'. நான்கைந்து வருஷத்துப் படங்கள் முந்தைய முப்பது வருஷத்தை மறைத்துவிட்டன. எனக்கு இது வருத்தம்தான். 1972இல் அவர் காலமானார்.

ஆனால் அந்தக் கடைசிப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் எனக்கு ஒன்று பிடிபட்டது. பாலையா மற்றவர் பேசும்போது, பாடும்போது நடித்தார். 'தில்லானா'வில் அவர் தவில் வித்வான் முத்துராக்கு. நாதஸ்வரத்துக்கும் நாட்டியத்துக்கும் நடுவில் நடக்கும் 'நலந்தானா' விசாரிப்பில் அவருக்கு வேலை தவில் வாசிப்பதுதான். கண்ணை மட்டும் பாருங்கள். இரண்டு பேருக்குள் ஓடுவதை அந்தத் தவில்காரர் புரிந்துகொண்டு கலங்குவது தெரியும். நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர்களுக்கு அது தெரியும் என்று நினைக்கிறேன். மேடையில் வசனம் முடிந்ததும் உள்ளே ஓடிவிட முடியாதே. எதிரே நிற்பவர் பேசி முடிக்கிறவரை நின்று கேட்டாக வேண்டும்.

'திருவிளையாடல்' ஹேமநாத பாகவதரையும் சொல்லிவிடுகிறேன். பாண்டியன் சபையில் 'ஒருநாள் போதுமா' என்று சவால் விடும்போது குரல் பாலமுரளிகிருஷ்ணாவுடையது. தோளும் கழுத்தும் விரலும் பாலையாவுடையவை. எத்தனை திமிர் அந்த நிமிர்வில்! அன்று இரவு அவர் தங்கியிருக்கும் வீட்டுத் திண்ணையில் ஒரு விறகு விற்பவன் பாடுகிறான். பகலில் சபையையே மிரட்டிய மனிதர் அதைக் கேட்கிறார். தோள் இறங்குகிறது, முகம் கொஞ்சம் கொஞ்சமாக வற்றிப்போகிறது. விடிவதற்குள் மதுரையை விட்டுக் கிளம்பிவிடப் போகிறார் என்பது அந்த முகத்திலேயே எழுதியிருக்கும்.

ஒலிச்சித்திரத்தில் அந்த இடத்தில் டி. எம். சௌந்தரராஜனின் பாட்டு மட்டும்தான் கேட்கும்.

வணக்கம்.