திருத்தம் போடாமலே அரசியல் சட்டம் எப்படி மாறுகிறது?

(காட்சி: தனுஷ்கோடி போகும் வழி. மணலில் தோண்டிய ஊற்று. ஓர் அக்கா குனிந்து சிரட்டையால் தண்ணீர் மொண்டு குடத்தில் ஊற்றுகிறார்.)

இந்த ஊற்றைப் பாருங்கள். இரண்டு பக்கமும் உப்புக்கடல், நடுவில் மணலுக்குள் நல்ல தண்ணீர். அவசரப்பட்டு மொண்டால் கலங்கிவிடும், ஊறட்டும் என்று காத்திருந்து சிரட்டை சிரட்டையாகத்தான் எடுக்க வேண்டும். இந்தத் தண்ணீர் கெடாமல் கிடைப்பது நம் அடிப்படை உரிமை. சரி, அப்படி எங்கே எழுதியிருக்கிறது? அடிப்படை உரிமைப் பகுதி முழுக்கத் தேடிப் பார்த்தேன், 15ஆவது பிரிவில் கிணறும் குளமும் வருகின்றன, அதுகூட யாரையும் பாகுபாடு காட்டித் தடுக்கக் கூடாது என்பதற்காக.

(திரையில்: பிரிவு 21)

விடை இங்கே இருக்கிறது. சட்டம் வகுத்த முறைப்படி அல்லாமல் யாருடைய உயிரையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது, அவ்வளவுதான் வாசகம். 1950இல், விசாரணையில்லாமல் காவலில் வைக்கப்பட்ட கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ரொம்பக் குறுக்கிப் படித்தது: நாடாளுமன்றம் போட்ட சட்டப்படி உள்ளே வைத்தால் போதும், அந்த முறை நியாயமா என்ற கேள்வியே இல்லை. 1978இல், அரசு தன் பாஸ்போர்ட்டை முடக்கியதை எதிர்த்து மேனகா காந்தி போட்ட வழக்கில் அதே வரியைப் படித்துவிட்டு, முறை நியாயமாக இருந்தே ஆக வேண்டும் என்றது. அப்புறம் 1985, பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கு, உயிர் என்றால் பிழைப்பும் அதில் அடக்கம் என்றார்கள் (அந்த மக்களைக் காலி பண்ணுவதை அது முழுதாகத் தடுக்கவில்லை, எனக்கு அதில் இன்றும் வருத்தம்தான்). 1991இல் இன்னொரு தீர்ப்பில் மாசில்லாத தண்ணீரும் காற்றும் அதோடு சேர்ந்தன. பிரிவில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

(காட்சி: இறால் குட்டை. கடலில் இருந்து வரும் குழாய், மோட்டார்.)

கடலோரத்தில் இறால் பண்ணைகள் பெருகி, மோட்டார் வைத்து இழுத்த கடல்தண்ணீர் குட்டைகளில் நிற்க நிற்க, பக்கத்துக் குடிதண்ணீரெல்லாம் உப்பேறியது. காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் வழக்குப் போட்டார். 1996 டிசம்பரில், பாரம்பரிய முறைப் பண்ணைகள் தவிர மற்றவை கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் (கடலை ஒட்டி, கட்டுப்பாடுகள் உள்ள பகுதி) கூடாது என்று தீர்ப்பு வந்தது. ஆனால் 2005இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் கொண்டுவந்து பண்ணைகளுக்கு மறுபடி வழி திறந்தது, அதற்கும் அரசியல் சட்டத்தைத் தொடவில்லை.

(காட்சி: ராமேஸ்வரம் துறைமுகம், விசைப்படகுகள்.)

நீதிமன்றம் மட்டும்தான் இப்படி மாற்றும் என்றில்லை, அரசாங்கம் நடந்துகொள்ளும் விதத்திலும் மாறும். 1960இல் பெருபாரி விவகாரத்தில் (மேற்கு வங்கத்தில் உள்ள அந்தப் பகுதியில் பாதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுக்க அரசு ஒப்புக்கொண்டிருந்தது), இந்திய நிலத்தை வேறு நாட்டுக்குக் கொடுப்பதென்றால் அரசியல் சட்டத் திருத்தம் வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அதே ஆண்டு 9ஆவது திருத்தம் வந்தது. 1974இல் கச்சத்தீவு போனபோது திருத்தம் இல்லை, ஒப்பந்தம் மட்டும்தான். உரிமை தகராறில் இருந்த இடம், எல்லையைத்தான் வரைந்தோம், நிலத்தைக் கொடுக்கவில்லை என்பது மத்திய அரசின் பதில். ராமநாதபுரம் ஜமீன் வசம் இருந்த தீவு என்று தாத்தா காலத்தில் இருந்து கேட்டு வளர்ந்த எங்கள் ஊர்களில் அந்தப் பதிலை யாரும் ஏற்கவில்லை. 2008இல் ஜெயலலிதா உச்ச நீதிமன்றம் போனபோது அவர் கையில் எடுத்ததும் பெருபாரியைத்தான்: அங்கே திருத்தம் வேண்டியிருந்தது, இங்கே ஏன் வேண்டாம்?