ஒரு படி காணத்தை வைத்துப் பரிணாமம் நடத்திய கதை

வணக்கம். காற்று கொஞ்சம் அதிகம், மைக்கில் இரைச்சல் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். குளச்சலுக்கும் திங்கள்நகருக்கும் நடுவில், எங்கள் வீட்டுப் பின்முற்றத்தில் நிற்கிறேன். பின்னால் தெரிகிற தகரக் கொட்டகைதான் டியூஷன் நடக்கும் இடம். பத்தாம் வகுப்பில் இந்த வருடம் 15 பேர். பாதிப் பேர் கடற்கரைப் பிள்ளைகள், மீதிப் பேர் இந்தப் பக்கத்து வாழைத்தோட்டம், ரப்பர் என்று இருக்கும் வீடுகளில் இருந்து வருகிறவர்கள். அதில் இரண்டு பேர் சிபிஎஸ்இ. 2023-இல் என்சிஇஆர்டி பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் இருந்து பரிணாமப் பகுதியை எடுத்துவிட்டார்கள். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் அது இருக்கிறது. அதனால் அந்த இரண்டு பேருக்கும் பரீட்சைக்குத் தேவையில்லாத பாடம். ஆனாலும் எழுந்து போகவில்லை, உட்கார்ந்துவிட்டார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஒரு சின்னத் தேர்வு வைத்தேன். 'பல வருடமாக ஒரே கொசு மருந்தை அடித்த ஊரில் அந்த மருந்துக்குக் கொசு சாவதில்லை, ஏன்?' என்று ஒரு கேள்வி. ஒரு பிள்ளை எழுதியிருந்தாள்: 'மருந்துக்கு ஏற்றபடி கொசு தன்னைத் தகவமைத்துக் கொண்டது.' சிவப்புப் பேனாவால் சரி போட்டுவிட்டேன். அடுத்த தாளிலும் அதே வரி. அதற்கும் சரி. ஏழாவது தாளில்தான் கை நின்றது. அந்தக் கொசு எப்படித் தன்னைத் தகவமைத்துக் கொண்டது? மருந்து பட்ட கொசு செத்துப்போச்சே! செத்த கொசு எதைக் கொண்டது?

யோசித்துப் பாருங்கள், இத்தனை வருடமாக இந்த வரியை எழுதிப்போட்டதே நான்தான். தமிழில் 'கொண்டது' என்று சேர்த்துவிட்டால் போதும், செய்தவருக்கு அதில் ஒரு கை இருக்கிறது என்று ஆகிவிடும். கற்றுக்கொண்டான், தலை வாரிக்கொண்டாள், தகவமைத்துக் கொண்டது. ஒட்டகச்சிவிங்கி கழுத்தை எட்டி எட்டி நீட்டிக்கொண்டது என்றால் அது 1809-இல் லமார்க் என்ற பிரெஞ்சு அறிஞர் சொன்ன கதை. டார்வின் பெயரைப் பலகையில் எழுதிவிட்டு, வினைச்சொல்லில் லமார்க்கை நடத்தியிருக்கிறேன். சிரிக்காதீர்கள், நீங்களும் அப்படித்தான் படித்திருப்பீர்கள்.

அதனால் அடுத்த நாள் புத்தகத்தைத் திறக்கவில்லை. அடுக்களையில் இருந்து ஒரு படி காணம் எடுத்தேன். வேறு ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், காணம் என்றால் கொள்ளு. கூடவே வெள்ளைத் தட்டைப்பயறு. இதோ, இந்த இடம்தான், கேமராவைக் கீழே காட்டுகிறேன். நல்ல செம்மண். இங்கே காணம் 50, பயறு 50, மொத்தம் 100 மணி தூவிவிட்டு, "மக்களே, நீங்கள் எல்லாரும் கோழி. ஆளுக்கு ஐந்து கொத்த வேண்டும், கண்ணில் முதலில் படுவதை எடுக்க வேண்டும், குனிந்து தேடிக்கொண்டு நிற்கக் கூடாது" என்றேன். பத்தாம் வகுப்பு என்றால் பெரிய ஆள் நினைப்பு இருக்குமே, முதலில் வெட்கப்பட்டார்கள். ஒருத்தன் கொக்கரித்ததும் எல்லாம் சரியாகிவிட்டது.

15 பேர், ஆளுக்கு ஐந்து, 75 போச்சு. மிச்சம் 25. எண்ணிப் பார்த்தால் காணம் 17, பயறு 8. செம்மண்ணில் வெள்ளை பளிச்சென்று தெரியும் அல்லவா. மிஞ்சிய ஒவ்வொன்றுக்கும் அதே நிறத்தில் மூன்று குட்டி என்று வைத்தோம். மறுபடியும் 100: காணம் 68, பயறு 32. இரண்டாம் சுற்றில் 84, 16. மூன்றாம் சுற்று முடிந்து குட்டியும் போட்ட பிறகு காணம் 96, பயறு நாலே நாலு.

இப்போது கேட்டேன்: "கூட்டம் மொத்தமும் நிறம் மாறிவிட்டதா?" "மாறிட்டு டீச்சர்." "சரி, இதில் எந்த மணியாவது தன் நிறத்தை மாற்றியதா?"

அமைதி. ஒரு பத்து விநாடி இருக்கும். இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்த நல்ல பத்து விநாடி அதுதான் என்று நினைக்கிறேன். அப்புறம் தேர்வில் 'தகவமைத்துக் கொண்டது' எழுதிய அதே பிள்ளை, "ஒண்ணும் மாறேல்ல டீச்சர், வெள்ளை செத்துப்போச்சு, அவ்ளோதான்" என்றாள்.

அவ்வளவுதான். இயற்கைத் தேர்வில் ஒரு உயிரும் எதையும் செய்துகொள்வதில்லை. வேறுபாடு முன்னாலேயே இருக்கும், அது பெற்றவரிடம் இருந்து பிள்ளைக்குப் போகும், ஒரு வகைக்குப் பிள்ளைகள் அதிகம் தங்கும். மாறுவது கூட்டத்தின் கணக்கு.

'வேறுபாடு முன்னாலேயே இருந்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள், மருந்து பட்ட பிறகு வந்திருக்கலாமே' என்று கமென்டில் யாராவது கேட்பீர்கள். நல்ல கேள்வி. அதற்கு ஒரு அழகான சோதனை இருக்கிறது. 1952-இல் ஜோஷுவா லெடர்பெர்க், எஸ்தர் லெடர்பெர்க் என்ற கணவனும் மனைவியும் செய்தது. ஒரு தட்டில் பாக்டீரியாவைப் புள்ளி புள்ளியாக வளர்த்தார்கள். ஒரு வெல்வெட் துணியை அதன்மேல் முத்திரை குத்துவதுபோல ஒற்றி எடுத்து, மருந்து கலந்த வேறு தட்டுகளில் அதே மாதிரி ஒற்றினார்கள். எல்லாத் தட்டிலும் ஒரே இடத்துப் புள்ளிகள்தான் பிழைத்து நின்றன. மருந்து வாடையே படாத முதல் தட்டில் அதே இடத்தில் இருந்த புள்ளிகளை எடுத்துச் சோதித்தால், அவையும் மருந்தைத் தாங்கின. அதாவது மருந்தைப் பார்ப்பதற்கு முன்பே அந்தக் குணம் அங்கே இருந்தது. இதை நான் கல்லூரியில் மனப்பாடம் செய்து மார்க் வாங்கினேன். புரிந்தது இந்தச் செம்மண்ணில் குனிந்தபோதுதான்.

அப்புறம் ஒரு வேலை செய்தேன். வீட்டில் கிடந்த பழைய டபுள் வேட்டியை விரித்து, மூன்றாம் சுற்றில் வந்த 96 காணத்தையும் நாலு பயறையும் அதன்மேல் போடச் சொன்னேன். மண்ணில் இருந்து எல்லாவற்றையும் பொறுக்க முடியவில்லை, ஏழு மணி குறைந்தது, அதை டப்பாவில் இருந்து எடுத்து நிரப்பினோம். இந்த ஏழு மணி விஷயம் பின்னால் வரும். மறுபடியும் கோழி ஆட்டம். ஒரு சுற்றில் வெள்ளை நாலு 12 ஆனது, அடுத்த சுற்றில் 28. மண்ணில் தோற்றது துணியில் ஜெயிக்கிறது. எது நல்ல நிறம் என்று கேட்டால் 'எங்கே?' என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

இதையே ஒரு தீவில் வருடக்கணக்கில் உட்கார்ந்து அளந்தவர்கள் இருக்கிறார்கள். பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட். கலாபகோஸில் டாஃப்னி மேஜர் என்ற குட்டித் தீவு, 1973-இல் தொடங்கினார்கள். 1977-இல் மழை பொய்த்தது. சின்ன விதைகள் தீர்ந்து, கெட்டியான பெரிய விதைகள்தான் மிச்சம். அலகு தடித்த குருவிகள்தான் அதிகம் தப்பின, அடுத்த தலைமுறையின் சராசரி அலகும் தடித்தது. 1983-இல் கொட்டித் தீர்த்த மழை. சின்ன விதைகள் பெருகின. அதற்குப் பின் வந்த வருடங்களில் சின்ன அலகுக்குக் காலம் வந்தது. அவர்களுக்குத் தீவு, எங்களுக்கு வேட்டி.

அப்போது அந்த சிபிஎஸ்இ பையன் ஒருவன் கேட்டான்: "அந்த நாலு வெள்ளையையும் செம்மண்ணிலேயே தின்னிருந்தா?" ஆமாம், வேட்டியை விரித்து ஒரு பயனும் இருந்திருக்காது. துணி வெள்ளையாக இருக்கிறதே என்பதற்காகக் காணம் வெளுக்காது.

இங்கே வாருங்கள், வாழைப் பக்கம் நடந்துகொண்டே சொல்கிறேன். இது மட்டி. நம் கன்னியாகுமரி மட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, பெருமைதான். இந்த மூட்டில் இருக்கிற கன்று தாய்க்கு அப்படியே நகல். விதையில்லாமல் கன்று வைத்தே வளர்ப்பதால் தோட்டம் முழுக்க ஒரே மணியை 100 தடவை தூவிய மாதிரி. ருசி மாறாது, அது நமக்கு லாபம். ஆனால் ஒன்றை வீழ்த்தும் நோய்க்கு எல்லாமே ஒரே வழி. உலகம் முழுக்க ஏற்றுமதியான குரோ மிஷெல் என்ற வாழைக்கு அதுதான் நடந்தது. பனாமா வாடல் என்ற பூஞ்சை நோய் மண் வழியாகப் பரவி, 1960 வாக்கில் ஏற்றுமதிச் சந்தையில் அதன் கதை முடிந்தது. அதன் இடத்துக்கு வந்த கேவண்டிஷையும் அதே பூஞ்சையின் இன்னொரு வகை இப்போது விரட்டிக்கொண்டிருக்கிறது. நம் ஊரில் மட்டி, ஏத்தன், செந்துளுவன், பேயன் என்று கலந்து வைக்கிற பழக்கத்தை வெறும் ருசிக்காக என்று நான் நினைத்திருந்தேன்.

அடுத்த வகுப்பில் நடந்தது இன்னும் நல்லது. புள்ளி அந்துப்பூச்சி பற்றி ஓட்டமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இங்கிலாந்தில் ஆலைப்புகை படிந்த மரத்தில் கறுப்பு அந்துப்பூச்சி பெருகியது, எல்லோரும் படித்ததுதான். ஒருவன் "கரி படிஞ்சு பூச்சி கறுத்துச்சா டீச்சர்?" என்று கேட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, வெளியே சொல்லாமல் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். கரி பூச்சியைக் கறுப்பாக்கவில்லை, 2016-இல் அந்தக் கறுப்புக்கான மரபணு மாற்றத்தையே கண்டுபிடித்துவிட்டார்கள்.

இதற்குள் கடைசி பெஞ்சில் ஒருவன் தனக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். அப்பா வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். "அப்போ நாங்களும் கோழிதானே டீச்சர்? வலையில பெருசு நிக்கும், சிறுசு கண்ணி வழியா போயிடும்."

நான் கொண்டுபோக நினைத்தே இராத இடம். ஆனால் அவன் சொன்னது சரி. பெரிதாக வளர்ந்த பிறகுதான் முட்டையிடும் மீன், முட்டையிடும் முன்பே வலையில் சிக்கும். சின்ன உடம்பிலேயே முட்டையிடும் மீனுக்குக் குஞ்சுகள் மிஞ்சும். கனடாவின் கிழக்குக் கரையில் காட் மீனுக்கு இப்படி ஆனது. பல வருடம் வாரி எடுத்தார்கள். மீன்வளம் சரிந்து 1992-இல் பிடிக்கவே தடை போட்டார்கள். அந்தச் சரிவுக்கு முன்பே காட் மீன்கள் இளம் வயதில், சின்ன உடம்பில் சினைப்பிடிக்கத் தொடங்கியிருந்தன. அதற்கு வலையின் தேர்வும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். உடனே அவன் "சாளை குறையறதும் இதனாலயா?" என்றான். அங்கே கொஞ்சம் பிடித்து நிறுத்தினேன். சாளை வரத்து கடல் சூடு, தீனி என்று பலதையும் பொறுத்தது, ஒரு சாவியை வைத்து எல்லாப் பூட்டையும் திறக்கக் கூடாது மக்களே என்றேன். அவனுக்கு அது பிடிக்கவில்லை, முகத்தில் தெரிந்தது.

குரங்குக் கேள்வி வந்ததா? வராமல் இருக்குமா. "குரங்குல இருந்து மனுஷன் வந்தா, குரங்கு ஏன் இன்னும் இருக்கு?" பதில் சுலபம்: "உன் பெரியப்பா மகன் இருக்கிறானே, நீ ஏன் இருக்கிறாய்?" நீ அவனிடம் இருந்து வரவில்லை, இரண்டு பேருக்கும் தாத்தா ஒன்று. அதே மாதிரி, ரொம்பத் தொலைவில் நமக்கும் சிம்பன்சிக்கும் பொதுவாக ஒரு முன்னோர். ஒரு பிள்ளை, சர்ச்சில் வேறு மாதிரி சொல்கிறார்களே என்றாள். 1996-இல் போப் இரண்டாம் ஜான் பாலே பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று சொன்னதைச் சொன்னேன். மீதியை வீட்டில் பேசிக்கொள், என் தாளில் உனக்குப் புரிந்தது என்ன என்று மட்டும் எழுது என்றேன். அதற்குமேல் அந்த வழியில் நான் போவதில்லை.

இன்னொரு சொல்லையும் பலகையில் இருந்து எடுத்துவிட்டேன்: தக்கன பிழைத்தல். அது டார்வின் உண்டாக்கியது இல்லை, 1864-இல் ஹெர்பர்ட் ஸ்பென்சர் சொன்னது. டார்வின் தன் புத்தகத்தின் ஐந்தாம் பதிப்பில், 1869-இல்தான் சேர்த்தார். பிள்ளைகள் இதை 'பலசாலி ஜெயிப்பான்' என்றே படிக்கிறார்கள். காணத்துக்கு என்ன பலம்? மண் நிறத்தில் இருந்தது, அதுதான். பரீட்சைக்கு வேண்டும் என்பதால் குறிப்பில் மட்டும் வைத்திருக்கிறேன்.

நேற்று மறுபடியும் அதே கொசுக் கேள்வியைக் கொடுத்தேன். 15-இல் 11 பேர் 'தாங்கும் கொசுக்கள் மிஞ்சின, அவற்றின் குஞ்சுகள் பெருகின' என்ற மாதிரி எழுதியிருக்கிறார்கள். மூன்று பேர் பழைய வரி. ஒரு தாளில் 'தகவமைத்துக் கொ' என்று எழுதி அடித்திருக்கிறது. அந்த அடித்தலுக்கே ஒரு மார்க் போட்டேன்.

அப்புறம் அந்த ஏழு மணி. போன வாரம் இரண்டு நாள் நல்ல மழை இல்லையா? இங்கே பாருங்கள், முளைத்திருக்கிறது. ஒன்று, இரண்டு, இந்தக் கல்லோரம் ஒன்று... மொத்தம் ஆறு. ஆறும் காணம். பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினேன், எட்டி எட்டிப் பார்த்தார்கள். "ஏழாவது வெள்ளையா இருந்திருக்கும் டீச்சர்" என்றான் கடைசி பெஞ்ச். எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவன் வேலிப் பக்கம் கை காட்டினான். அடுத்த வீட்டுக் கோழி.